எண்ணும் எழுத்தும் இரும்பும்

நுழையும்முன்

பழுதான பொறியைச் சீர்செய்யக் கைத்திறன் வேண்டும்; அக்கைத்திறனுக்குத் துணையாக ஏடும் வேண்டும். பழைய டிராக்டர்களின் உதிரிபாக நூல்கள் வெறும் பட்டியல்கள் அல்ல. ஒரு பொறியை உருவாக்கியவர்கள், பின்னாளில் அதைப் பேணப்போகும் முன்பின் அறியாதவர்களுக்கு விட்டுச்சென்ற குறிப்புகள் அவை. அவற்றைப் படிக்கக் கற்ற அனுபவத்தை இக்கட்டுரை பகிர்ந்துகொள்கிறது.

மரக்கலப்பையின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. மண்ணைக் கீறுவது கொழு. உழுபவர் கையால் பற்றுவது மேழி. கலப்பையை நுகத்தோடு சேர்க்கும் நீண்ட மரம் ஏர்க்கால். மாட்டின் பிடரியில் அமர்வது நுகத்தடி. மாட்டை நுகத்தோடு பிணைப்பது பூட்டாங்கயிறு. கொழு மழுங்கினால் கொல்லரிடம் போக வேண்டும். ஏர்க்கால் முறிந்தால் தச்சரிடம் போக வேண்டும். உறுப்பின் பெயரைச் சொன்னவுடனே அதைச் சீர்செய்யும் கை எதுவென்பதும் தெரிந்துவிடும். பெயர் தெரிந்த உறுப்பைக் கழற்றலாம், மாற்றலாம், அதன் குறையைப் பிறரிடம் எடுத்துரைக்கலாம்.

டிராக்டர் வயலுக்குள் வந்தபோது இந்த உறவு மாறியது. ஓர் எஞ்சின், பற்சக்கரப்பெட்டி, பின்னச்சு, பாரந்தூக்கி எனப் பிரியும் அப்பொறியில் சிறியதும் பெரியதுமாக ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ளன. அவற்றின் பெயர்கள் வேற்றுமொழியில் இருந்தன. அதனால், "பின்னால ஏதோ போயிடுச்சு" என்று மட்டுமே சொல்லக்கூடிய நிலைக்கு உழவர் வந்தார். 'ஏதோ' என்னும் அச்சொல்லுக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. எது பழுதென்று தெரியாதபோது, பழுதாகாததையும் சேர்த்து மாற்ற நேரும்; சில வேளைகளில் வண்டியையே விற்க நேரும். 'ஏதோ' என்பதை 'இது' என்று மாற்றித் தருவதே உதிரிபாக நூலின் பணி. இதை நான் ஒரு பட்டறையில் கற்றேன்.

பட்டறையில் ஒரு நூல்

என் தாய்மாமா மன்னார்குடிக்கு அருகே சாலையோரத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை நிறுத்தியவர். எஞ்சின் ஓடும் ஒலியைக் கேட்டே குறை எங்கே என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடுவார். அவருடைய கருவிப் பெட்டிக்கு அருகில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் நெகிழித்தாளில் சுற்றப்பட்ட தடித்த நூல் ஒன்று இருந்தது. பட்டறைகளில் 'பார்ட்ஸ் புக்' என்று வழங்கப்படும் உதிரிபாக நூல் அது. டிராக்டர் பாகங்கள் விற்ற கடையொன்று மூடப்பட்டபோது அங்கிருந்த தாள்களையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். மாமா பழைய தாளுக்குரிய விலையைக் கொடுத்து இந்நூலை மீட்டுவந்தார். சற்றுப் பிந்தியிருந்தால் அதன் பக்கங்கள் வேர்க்கடலைப் பொட்டலங்களாகியிருக்கும்.

நூல் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மாமாவுக்கு எண்கள் தெரியும்; படங்கள் புரியும்; எழுத்துகளைக் கூட்டிப் படிக்க நேரமாகும். பதினோராம் வகுப்பில் சேரவிருந்த கோடை விடுமுறையில், "பாப்பா, நீ இதை வாசி. நான் பொருளைக் காட்டுறேன்" என்று என்னை அழைத்தார். அன்று தொடங்கியது எங்கள் இருவரின் கல்வி. எனக்குத் தெரியாதது அவருடைய கையில் இருந்தது. அவருக்குத் தெரியாதது என் நாவில் இருந்தது.

படிக்கும் முறை

ஒரு டிராக்டருக்கு மூவகை நூல்கள் உண்டு. ஓட்டுநர் கையேடு, வண்டியை இயக்குவதையும் எண்ணெய் மாற்றுவதையும் சொல்லும். பணிமனைக் கையேடு, கழற்றும் முறையையும் இடைவெளிகளின் அளவுகளையும் சொல்லும். உதிரிபாக நூலில் அறிவுரை எதுவும் இராது. ஒரு பக்கத்தில் படம், அதற்கெதிரே பட்டியல், அவ்வளவுதான். முதற்பார்வைக்கு மூன்றனுள் மிகவும் வறண்டது அதுவே. ஆனால், படிக்கப் பழகியவருக்கு அதிகம் பேசுவதும் அதுவே.

அதன் படங்களில் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே விலகி ஒரே கோட்டில் நிற்கும். கட்டிய மாலையின் நூலைச் சற்றே நீட்டினால் பூக்களிடையே இடைவெளி தோன்றும்; பூக்களின் வரிசை மாறாது. அதுபோன்றதே அப்படமும். எது முதலில் நுழைகிறது, எதன்மேல் எது அமர்கிறது, வளையத்தின் எந்தப் பக்கம் வெளிநோக்கி நிற்கிறது என்பனவெல்லாம் அவ்வரிசையிலேயே அடங்கியுள்ளன. படத்தை வெளியிலிருந்து உள்நோக்கிப் படித்தால் கழற்றும் முறை. உள்ளிருந்து வெளிநோக்கிப் படித்தால் பூட்டும் முறை.

பட்டியலில் படத்திலுள்ள வரிசை எண், பாகத்தின் எண், பெயர், எண்ணிக்கை என நான்கு செய்திகள் இருக்கும். இடப்பக்கம், வலப்பக்கம் என்னும் குறிப்புகளும் வரும். இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்ப்பவரின் இடமும் வலமுமே இங்குக் கொள்ளப்படும். எதிரே நின்று வண்டியைப் பார்ப்பவருக்கு இவை தலைகீழாகும். 'இந்த வரிசை எண் வரை', 'இந்த வரிசை எண் முதல்' என்ற குறிப்புகளும் உண்டு. உற்பத்தி நடந்துகொண்டிருக்கும்போதே வடிவமைப்பில் மாற்றம் செய்யப்பட்டதை இவை உணர்த்தும். எனவே நூலைத் திறக்கும்முன் வண்டியின் பெயர்த்தகட்டிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்செண் தெரியாமல் நூலைப் படிப்பது, ஊரும் தெருவும் தெரியாமல் வீட்டைத் தேடுவது போன்றது.

ஒரு பொறியின் வழிமரபு

மாமாவிடம் இருந்தது மாஸி ஃபெர்குசன் 35 வகை டிராக்டருக்கான நூல். இங்கிலாந்தில் அச்சான அந்நூல் காவிரிப் படுகையில் ஓடும் வண்டிக்கு எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அதற்கு விடை தேடியபோது ஒரு பொறியின் வழிமரபை அறிந்தேன்.

ஹாரி ஃபெர்குசன் அயர்லாந்துத் தீவின் வடபகுதியிலுள்ள டவுன் மாவட்டத்தில் 1884இல் பிறந்தவர். அக்காலத்து டிராக்டர்கள் கலப்பையை வண்டியைப்போல் பின்னால் இழுத்துச் சென்றன. கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டரின் முன்பகுதி மேலெழும்பி, ஓட்டுபவர்மீதே கவிழும் இடர் இருந்தது. ஃபெர்குசன் கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைத்தார். எண்ணெய் அழுத்தத்தால் அதை ஏற்றவும் இறக்கவும் வழிசெய்தார். மண்ணில் கலப்பைக்கு ஏற்படும் எதிர்ப்பு, மேலுள்ள இணைப்புத் தண்டின் வழியாக உணரப்பட்டு, உழும் ஆழம் தானே சீரானது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்னே காணப்படும் இரு கீழ்க்கரங்களும் 'டாப் லிங்க்' எனப்படும் மேல்தண்டும் அவ்வமைப்பின் தொடர்ச்சியே.

அவருடைய டிஇ 20 என்னும் சிறிய சாம்பல்நிற டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. 1953இல் ஃபெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாஸி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1956இல் 35 என்னும் வகை வெளிவந்தது. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம், மாஸி ஃபெர்குசனின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு டிராக்டர்களை உருவாக்கியது. தமிழக உழவர்களுக்கு நன்கு அறிமுகமான 1035 என்னும் வண்டி, அந்த 35இன் வழிவந்ததே.

வழிவந்தது என்பதால் எல்லாமே ஒன்றாகிவிடாது. காலந்தோறும் பாகங்கள் மாறியுள்ளன, எண்களும் மாறியுள்ளன. பழைய எண்ணுக்கு மாற்றாகப் புதிய எண் வந்திருக்கும்; அதற்கும் மாற்றாக இன்னொன்று வந்திருக்கும். மாமாவின் நூலில் முன்பு அதை வைத்திருந்தவர்கள் கரிக்கோலால் எழுதிய திருத்தங்கள் பல இருந்தன. ஒரு பக்கத்தில் அடித்து எழுதிய எண்ணை, வேறொரு பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய பிற்பதிப்போடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்தோம். உ.வே.சாமிநாதையர் பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த வரலாற்றை நான் பள்ளியில் படித்திருந்தேன். பாடவேறுபாடு என்பது இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பட்டறையில் உணர்ந்தேன். ஏட்டில் ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும். நூலில் ஓரெண் மாறினால் பாகம் பொருந்தாது.

கண்ணை நம்பாத அளவு

நூல் கற்பித்த மற்றொன்று, தோற்றத்தை நம்பாமை. பழைய வண்டிகளில் மில்லிமீட்டர் அளவுக்கு முன்பிருந்த அங்குல அளவுத் திருகாணிகள் மிகுதி. அங்குல அளவிலும் ஒரே முறை இல்லை. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரையின் கோணம் 55 பாகை. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகள் உடன்பட்ட பொதுமுறையில் அக்கோணம் 60 பாகை. அரை அங்குலத் திருகாணியில், விட்வொர்த் முறையில் ஓர் அங்குல நீளத்துக்கு 12 மரைகள் இருக்கும். பொதுமுறையின் பருமரையில் 13 இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மாற்றித் திருகினால் முதலிரு சுற்றுகள் எளிதாகச் செல்லும், பிறகு இறுகும். அவ்விறுக்கத்தைப் பொருத்தம் என எண்ணி வலிந்து திருகினால், வார்ப்பிரும்பிலுள்ள மரை அழிந்துவிடும்.

மாமா ஒருபோதும் வலிந்து திருகியதில்லை. "கையால போகாதது ஸ்பானராலயும் போகக் கூடாது" என்பார். நூலில் திருகாணியின் விட்டமும் நீளமும் மரையும் குறிக்கப்பட்டிருந்தன. நான் அதை வாசிப்பேன். அவர் மரை அளவியைத் திருகாணியின்மேல் வைத்து ஒளிக்கெதிரே பிடித்துப் பார்ப்பார். நூல் சொல்வதும் அளவி காட்டுவதும் ஒத்தால் மட்டுமே வேலை தொடரும். ஒவ்வாவிட்டால், நூலின் பக்கம் தவறா, அல்லது முன்பு யாரேனும் வேறு திருகாணியைப் போட்டுவிட்டாரா என்று ஆராய்வார். நூலைக் கொண்டு பொருளைச் சோதிப்பதும், பொருளைக் கொண்டு நூலைச் சோதிப்பதும் அவருக்கு ஒன்றே.

ஒரு வளையத்தின் விலை

அந்த விடுமுறையில்தான் ஒரு பெரியவர் தம் 1035 வண்டியைக் கொண்டுவந்தார். வாங்கி முப்பது ஆண்டுகளைக் கடந்த வண்டி. சொந்தமாக நான்கு ஏக்கர்; அதற்குமேல் அண்டை வயல்களில் வாடகைக்கு உழுது வந்த வருவாயில்தான் குடும்பம் நடந்தது. வண்டியின் பாரந்தூக்கி ஒன்பது கொழுக் கலப்பையை மிக மெல்லத் தூக்கியது; எஞ்சினை நிறுத்தியதும் கலப்பை தானாகத் தரையிறங்கியது. வேறோர் இடத்தில் காட்டியபோது, பம்பு போய்விட்டது, முழுவதும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கான தொகை அவரிடம் இல்லை. பழைய இரும்பு வாங்குபவர் வண்டிக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோடை மழை பெய்து உழவுக்கு ஈரம் வாய்த்திருந்த நாள்கள் அவை. மேட்டூர் அணை திறக்கப்படும் நாளாக வழங்கிவரும் ஜூன் 12க்குச் சில வாரங்களே இருந்தன.

"இதுல இன்னும் உயிர் இருக்கா தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

"பார்த்துட்டுச் சொல்றேன் ஐயா" என்றார் மாமா.

இவ்வகை வண்டியில் பாரந்தூக்கிக்கான பம்பு, பின்னுடலின் உள்ளே எண்ணெயில் மூழ்கியிருக்கும். அங்கிருந்து அழுத்தம் பெற்ற எண்ணெய் செங்குத்தான ஒரு குழாயின் வழியாக மேலேறி, கரங்களைத் தூக்கும் உருளையை அடையும். பம்பு நலமாக இருந்தாலும் வழியில் எங்கேனும் எண்ணெய் கசிந்தால் கலப்பை உயராது, உயர்ந்தாலும் நிற்காது. நான் நூலில் அப்பகுதியின் படத்தைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். பம்பு, குழாய், குழாயின் முனைகளில் ரப்பர் வளையங்கள், மேல்மூடி என வரிசை சென்றது. "வளையம் எத்தனைன்னு போட்டிருக்கு?" என்று கேட்டு, எண்ணிக்கையை மாமா சுண்ணக்கட்டியால் தரையில் எழுதிக்கொண்டார்.

பிறகு பின்னுடலின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கலப்பையின் பாரத்தை ஏற்றி, கைவிளக்கின் ஒளியை உள்ளே செலுத்தினார். குழாயின் அடிப்பகுதியிலிருந்து எண்ணெய் மெல்லிய பீச்சலாகத் தெறித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கலப்பையைத் தரையில் இறக்கி, மேல்மூடியைத் திறந்து குழாயை உருவினார். ஒரு வளையம் இறுகித் தட்டையாகிப்போயிருந்தது. மற்றொன்று இருக்க வேண்டிய பள்ளத்தில் எதுவுமே இல்லை. நூல் சொன்ன எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. எப்போதோ வண்டியைத் திறந்த ஒருவர் அதைப் போடாமலே மூடியிருக்கிறார். அக்குறையைத் தரையிலிருந்த சுண்ணக்கட்டி எண் காட்டிக்கொடுத்தது.

பழைய எண்ணுக்கு உரிய புதிய எண்ணை ஒப்பீட்டுப் பட்டியலில் கண்டோம். குழாயின் விட்டத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து குறித்தேன். வளையம் எந்த ரப்பராலும் ஆனதாக இருக்கலாகாது. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வேண்டும். மாமா தஞ்சாவூருக்குச் சென்று அதை வாங்கிவந்தார். அவ்வளையங்களுக்கான செலவைவிடப் பேருந்துக் கட்டணம் மிகுதி.

மறுநாள் குழாயைப் பூட்டி, எண்ணெய் நிரப்பி, கலப்பையைத் தூக்கினார்கள். எஞ்சினை நிறுத்திய பின், கலப்பையின் உயரத்துக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு இழுத்தார் மாமா. ஒரு மணி நேரம் அக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கலப்பை கோட்டைவிட்டு இறங்கவில்லை. பெரியவர் எதுவும் பேசாமல் எழுந்துபோய், கலப்பையின் கொழு ஒன்றைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தப் புத்தகத்துல என் வண்டி முழுசும் இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அப்ப அதைப் பத்திரமா வைங்க" என்றார்.

தமிழில் ஒரு குறிப்பேடு

அவ்வேண்டுகோளை ஏற்று நானும் மாமாவும் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள்: பாகத்தின் எண், நூலிலுள்ள பெயர், பட்டறையில் வழங்கும் பெயர், அது செய்யும் வேலை, அது பழுதானால் வண்டியில் தெரியும் அறிகுறி. கடைசி இரண்டும் எந்த உதிரிபாக நூலிலும் இல்லாதவை. அவை மாமாவின் முப்பதாண்டு அனுபவத்திலிருந்து வந்தவை. அச்சில் உள்ள அறிவையும் கையில் உள்ள அறிவையும் ஒரே வரியில் எழுதியபோது, ஒன்றில்லாமல் மற்றொன்று எவ்வளவு குறைபட்டது என்பது புலப்பட்டது. நூல் மட்டும் இருந்தால் வளையத்தின் எண் தெரியும். எண்ணெய் எங்கே தெறிக்கும் என்பது தெரியாது. கைத்திறன் மட்டும் இருந்தால் கசிவு தெரியும். இல்லாத வளையம் இருந்திருக்க வேண்டும் என்பது தெரியாது.

அக்குறிப்பேடு இன்று பலரிடம் படிகளாக உள்ளது. பட்டறைக்கு வேலை கற்க வரும் இளைஞர்கள் முதல் மாதத்தில் அதைப் படித்துவிடுகிறார்கள். மூல நூலையும் பக்கம் பக்கமாக ஒளிப்படமெடுத்து வைத்துள்ளோம். எண்ணெய்க்கறை படிந்த பக்கங்களில் முன்னோர் எழுதிய கரிக்கோல் திருத்தங்களும் அப்படியே பதிவாகியுள்ளன.

பழுதுபார்க்கும் உரிமை

ஒரு பொருளை வாங்கியவருக்கு அதைப் பழுதுபார்க்கும் உரிமையும், அதற்கு வேண்டிய செய்திகளைப் பெறும் உரிமையும் உண்டா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க 2022இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் கவனத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளுள் வேளாண் கருவிகளும் அடங்கும். புதிய பொறிகளில் மின்னணுப் பகுதிகள் பெருகிவருகின்றன. அவற்றுக்கும் படங்களும் எண்களும் உழவரின் கைக்கு எட்டுமா என்பது, வருங்காலத்தில் சிறு உழவர்களின் செலவையும் தற்சார்பையும் முடிவுசெய்யும்.

உரிமை கிடைப்பதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். உங்கள் வீட்டிலோ ஊரிலோ பழைய நீரிறைப்பான், தையற்பொறி, டிராக்டர் என ஏதேனும் ஒன்றோடு வந்த கையேடு பரணில் கிடக்கலாம். அதை எடுத்துப் படியுங்கள். அப்பொறியோடு வாழ்நாளெல்லாம் பழகியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நீங்கள் பெயரை வாசியுங்கள். அவர் பொருளைக் காட்டட்டும். இருவரும் சேர்ந்து எழுதும் ஒவ்வொரு வரியும், இன்னும் பிறவாத ஒருவர் ஒரு பொறியைக் குப்பைக்கு அனுப்பாமல் காக்க உதவும்.